சின்ன விமானத்தில் ஜிபிஎஸ் வைத்து ஏர்வேயில் பறப்பது எப்படி?

"அதான் ஜிபிஎஸ் இருக்கே, போற ஊரைப் போட்டுட்டு நேரா போக வேண்டியதுதானே? வானத்துல என்ன ரோடா போட்டு வெச்சிருக்கு?" விமானம் ஓட்டப் பழகுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து சொந்தக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ரோடு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். எண் கொடுத்து, அகலம் குறித்து, எந்த இடத்தில் எத்தனை அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்றும் எழுதி, வரைபடமாக அச்சடித்தே தருகிறார்கள். அந்த ரோட்டில் ஜிபிஎஸ் பெட்டியை வைத்துக்கொண்டு எப்படிப் போவது, பெட்டிக்கு எது தெரியும், எது தெரியாது என்று விமான ஓட்டி அறையை எட்டியே பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். நான் பழகியது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 விமானத்தில். அதனால் உதாரணமெல்லாம் அந்த ஊர்ப்பக்கத்திலிருந்துதான் வரும். ஏர்வேக்களை அவ்வப்போது திருத்துகிறார்கள், ஆகவே இதை வைத்துப் பாடம் படிக்கலாம், பறக்கக் கூடாது.

முதலில், இந்த ரோடு யாருக்கு? வெயில் அடிக்கிற நாளில் கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு இது தேவையே இல்லை. மேகத்துக்குள் நுழைந்தால்தான் கதை மாறுகிறது. கண்ணாடிக்கு வெளியே பால் ஊற்றின மாதிரி வெள்ளை, எது மேலே எது கீழே என்று உடம்பு பொய் சொல்லும், முன்னால் மலை இருந்தாலும் டிவி கோபுரம் இருந்தாலும் தெரியாது. இந்த நிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கென்று இருக்கிற விதிகளைத்தான் ஐஎஃப்ஆர் என்கிறோம். அதில் மோதாமல் காப்பவை இரண்டு: ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்கும் கன்ட்ரோலர், அப்புறம் முன்கூட்டியே அளந்து, தடைகளைச் சரிபார்த்து வைத்திருக்கும் பாதை. அந்தப் பாதைதான் ஏர்வே.

அமெரிக்காவில் 18,000 அடிக்குக் கீழே இருக்கிற பழைய ஏர்வேக்களுக்கு விக்டர் ஏர்வே என்று பெயர். வரைபடத்தில் வி4, வி244 என்று இருக்கும், ரேடியோவில் "விக்டர் 4" என்பார்கள். பொதுவாக இரட்டைப்படை எண் என்றால் கிழக்கு மேற்காகப் போகிற வழி, ஒற்றைப்படை வடக்கு தெற்கு. மையக்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் 4 கடல் மைல், அந்தப் பக்கம் 4 கடல் மைல் (இனி மைல் என்றால் கடல் மைல்தான்). மொத்த அகலம் கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். இவ்வளவு அகலம் எதற்கு என்று எனக்கும் தோன்றியது. பதில் விஓஆரில் இருக்கிறது.

விஓஆர் என்பது தரையில் நட்டு வைத்திருக்கிற ஒரு ரேடியோ நிலையம். வெட்டவெளியில் வெள்ளைக் கூம்பு ஒன்றை நிறுத்தி வைத்தது போல் இருக்கும். அது சுற்றிலும் 360 திசைகளுக்கு ரேடியோ ஆரங்களை அனுப்புகிறது. ஒவ்வொன்றையும் ரேடியல் என்பார்கள். விமானத்தில் இருக்கிற ரிசீவர் "நீ இப்போது 260-ஆவது ரேடியலில் இருக்கிறாய்" என்று கண்டுபிடித்து ஓர் ஊசியை அசைக்கும். 1920களில் அஞ்சல் விமானங்களுக்காகச் சுழல் விளக்கும் தரையில் காங்கிரீட் அம்புக்குறியும் வைத்தார்கள், அந்த விளக்கின் ரேடியோ வாரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். விஓஆர்களை இணைத்து அமைத்த முதல் ஏர்வேக்கள் 1950 அக்டோபரில் திறந்தன; கான்சஸ் சிட்டியிலிருந்து டென்வர் போகிற வழி அவற்றில் ஒன்று. ஜிபிஎஸ் பெட்டிகளால் பெயர் வாங்கிய கார்மின் நிறுவனத்தின் தலைமையகமும் அதே கான்சஸ் சிட்டிக்கு ஒட்டினாற்போல் ஒலேதாவில்தான் இருக்கிறது. திட்டம் போட்டு நடந்ததில்லை, இருந்தாலும் எனக்கு இந்தப் பொருத்தம் பிடிக்கும்.

சரி, அகலத்துக்கு வருவோம். விஓஆர் தருவது கோணம், தூரம் அல்ல. 60 கடல் மைல் தள்ளி இருக்கும்போது ஒரு டிகிரி பிசகினால் ஒரு மைல் விலகிவிடுவீர்கள். ரிசீவரை 30 நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது விதி, ஆனால் தரையில் வைத்துச் சோதிக்கும்போது 4 டிகிரி வரை தப்பாகக் காட்டினாலும் பாஸ்தான். அப்படியென்றால் பாஸ் ஆன ரிசீவரே நிலையத்திலிருந்து 50 மைலில் உங்களை மூன்றரை மைல் ஓரமாகக் கொண்டு போய்விடலாம். அதனால்தான் நிலையத்திலிருந்து 51 மைல் வரை பக்கத்துக்கு 4 மைல், அதற்கு மேல் போனால் பக்கத்துக்கு 4.5 டிகிரி என்று விரிந்துகொண்டே போகும்படி அகலம் வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 51 மைலில் 4.5 டிகிரி என்பது சரியாக 4 மைல். ரிசீவர், நிலையம், ஓட்டுபவர் என்று எல்லோருடைய தப்பையும் சேர்த்து அளந்து தைத்த சட்டை அது.

இப்போது பயணம். கான்சஸ் சிட்டியில் கிளம்பி மேற்கே கொலராடோ மாநிலத்தின் லமார் வரை போகிறோம். கிளம்பும் முன் கன்ட்ரோலர் ரேடியோவில் வழியைச் சொல்வார்: டொபீகா, விக்டர் 4, சலைனா, விக்டர் 244, லமார். நம்மூர் பஸ் போர்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. திருச்சி–மதுரை, வழி: விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று எழுதியிருந்தால் அந்த ஊர்களுக்கு நடுவில் எந்த ரோடு, எங்கே வளைவு என்று டிரைவருக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம். இங்கேயும் அப்படித்தான். டொபீகாவில் ஏறு, நான்காம் நம்பர் ரோட்டில் போ, சலைனாவில் 244-க்கு மாறு, லமாரில் இறங்கு.

ஆனால் பெட்டிக்கு இந்த டிரைவரின் அறிவு கிடையாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான்: ஜிபிஎஸ் பெட்டிக்குத் தெரிந்தது புள்ளிகள். இரண்டு புள்ளியைக் கொடுத்தால் நடுவில் நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து நீங்கள் எத்தனை மைல் விலகி இருக்கிறீர்கள் என்று துல்லியமாகச் சொல்லும். அந்தக் கோடு ஏர்வேயின் மேல் விழுகிறதா என்பது நீங்கள் கொடுத்த புள்ளிகளைப் பொறுத்தது.

இதே வழியில் பாருங்கள். வி244 சலைனாவிலிருந்து லமாருக்கு நேராகப் போவதில்லை, ஹேஸ் என்கிற ஊரில் இருக்கும் விஓஆருக்கு மேலாகப் போய் அங்கே சுமார் ஒன்பது டிகிரி இடப்பக்கம் திரும்புகிறது. சோம்பேறித்தனமாகச் சலைனா, லமார் என்று இரண்டு புள்ளியை மட்டும் போட்டால் பெட்டி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது. நேர்கோடு போடும், ஊசி நடுவில் நிற்கும், திரையில் எல்லாம் அழகாக இருக்கும். ஹேஸுக்குத் தெற்கே சுமார் எட்டு மைல் தள்ளிப் பறந்துகொண்டிருப்பீர்கள். அங்கே ஏர்வேயின் ஓரமே நான்கு மைலில் முடிந்துவிடுகிறது. கான்சஸில் இதனால் மலையில் மோத மாட்டீர்கள்தான். ஆனால் உங்களுக்குக் கொடுத்த வழியில் நீங்கள் இல்லை, கன்ட்ரோலர் நீங்கள் அங்கே இருப்பதாக நினைத்துத்தான் மற்ற விமானங்களை நகர்த்துகிறார்.

ஆகவே, ஏர்வே எங்கெங்கே திரும்புகிறதோ அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் பெட்டிக்குள் போக வேண்டும். சில வளைவுகள் விஓஆரில் இருக்கும், சில வளைவுகள் நடுவானில், இரண்டு ரேடியல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும். அந்த மாதிரி இடங்களுக்கு ஐந்தெழுத்தில் வாயில் நுழைகிற மாதிரி ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். திரும்பாமல் சும்மா நடுவில் வருகிற புள்ளிகளை விட்டுவிட்டாலும் கோடு மாறாது என்பது உண்மைதான், ஆனாலும் நான் எல்லாவற்றையும் போட்டுவிடுவேன். குறைந்தபட்ச உயரம் மாறுவது அந்தப் புள்ளிகளில்தான், கன்ட்ரோலர் திடீரென்று ஏதாவது கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.

பெட்டிக்குள் போடுவது எப்படி என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வாடகை விமானங்களில் இன்னும் நிறைய இருப்பது கார்மின் ஜிஎன்எஸ் 430. 1998-இல் வந்த பெட்டி, உள்ளங்கையளவு திரை, கீழே வரிசையாகப் பொத்தான்கள், வலது மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குமிழ்கள். உள்ளே இருக்கும் சின்னக் குமிழை ஒரு தட்டுத் தட்டினால் திரையில் கர்சர் வரும். சின்னதைத் திருகினால் எழுத்து மாறும், பெரியதைத் திருகினால் அடுத்த எழுத்துக்குப் போகும். சலைனா விஓஆரின் குறியீடு எஸ், எல், என் என்று மூன்று எழுத்து; அதைப் போட்டு என்டர் அழுத்த வேண்டும். இதை நின்ற இடத்தில் செய்தால் பத்து விநாடி. மேகத்துக்குள், விமானம் குலுங்க, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு செய்தால் ஒரு எழுத்து தாண்டிப் போகும், திரும்பி வருவீர்கள், மறுபடியும் தாண்டும், அதற்குள் விமானம் நூறு அடி இறங்கியிருக்கும். பழைய 430-இல் ஏர்வே பெயரைச் சொல்லி ஏற்றும் வசதியே கிடையாது. ஒவ்வொரு புள்ளியாக இப்படித் திருகித்தான் ஆக வேண்டும். ஒரு பயணத்துக்கு 31 புள்ளி வரைதான் கொள்ளும்.

இதில் வழக்கமாக எல்லோரும் ஒரு முறையாவது சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சலைனா விமான நிலையத்தின் குறியீடு கேஎஸ்எல்என். விஓஆரின் குறியீடு எஸ்எல்என். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், தரையிலோ இரண்டும் சில மைல் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஏர்வே ஓடுவது விஓஆருக்கு மேலே. இந்த மாதிரித் தப்பைக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி ரொம்ப எளிது: எல்லாப் புள்ளியையும் போட்டு முடித்த பிறகு, இந்தப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் எத்தனை மைல், எந்தத் திசை என்று பெட்டி காட்டுகிற எண்களை வரைபடத்தில் அச்சடித்திருக்கும் எண்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பது. டொபீகாவிலிருந்து சலைனா நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டி 700 என்று காட்டினால், வேறு எங்கோ இருக்கிற ஏதோ ஒரு புள்ளியை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒத்துப் பார்க்கும்போது புதிதாகப் பழகுபவருக்கு ஒரு சந்தேகம் வரும். தூரம் சரியாக இருக்கிறது, திசை மட்டும் ஒன்றிரண்டு டிகிரி இடிக்கிறதே? பயப்பட வேண்டாம், அதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. பூமியின் காந்த வடக்கு நிலையாக நிற்பதில்லை, வருஷா வருஷம் நகர்கிறது. விஓஆரை ஒரு காலத்தில் அன்றைக்கு இருந்த காந்த வடக்குக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். அதன் பிறகு காந்தம் நகர்ந்தாலும் விஓஆரை லேசில் தொடுவதில்லை, ஏனென்றால் அதைத் திருப்பினால் அதை நம்பி அச்சடித்த அத்தனை வரைபடத்தையும் மாற்ற வேண்டும். ஜிபிஎஸ் அப்படியல்ல, உண்மை வடக்கிலிருந்து கணக்கிட்டுத் தன்னிடம் இருக்கிற காந்த விலக்கத்தைக் கழித்துச் சொல்கிறது. இரண்டாவது காரணம் பூமி உருண்டை என்பது. மேற்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் சாய்ந்துகொண்டே வருவதால் நேர்கோட்டில் போனாலும் திசை எண் மாறும். டொபீகா–சலைனா தூரத்துக்குள்ளேயே ஒரு டிகிரிக்கு மேல் மாறிவிடும். கோடு ஒன்றுதான், அதற்கு வைத்த எண்தான் வேறு. பெட்டி சொல்கிற திசையைப் பிடித்துப் போகலாம். ஐந்து, பத்து டிகிரி என்று இடித்தால் மட்டும் புள்ளியைத் தப்பாகப் போட்டீர்களா என்று பாருங்கள்.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. விஓஆரில் ஊசி ஓரத்துக்குப் போய்விட்டது என்றால் 10 டிகிரி விலகிவிட்டீர்கள் என்று பொருள். 60 மைலில் அது 10 மைல், நிலையத்துக்குப் பக்கத்தில் அது சில நூறு அடி. ஜிபிஎஸ்ஸில் ஊசி மைலைக் காட்டுகிறது. 430-இன் முதல் தலைமுறையில் வழித்தடத்தில் ஊசி முழுக்க ஓரத்துக்குப் போனால் 5 மைல், பின்னால் வந்த வாஸ் ரகத்தில் 2 மைல் (வாஸ் என்பது ஜிபிஎஸ்ஸைத் தரையிலிருந்து கண்காணிக்கும் ஏற்பாடு, பிறகு சொல்கிறேன்). முதல் ரகத்தில் கவனமாக இருக்க வேண்டும், ஊசி ஓரத்தைத் தொடும்போது நீங்கள் ஏர்வேக்கு வெளியே போய் ஒரு மைல் ஆகியிருக்கும். இன்னொரு விஷயம், ஜிபிஎஸ் வந்த பிறகு எல்லோரும் மையக்கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் பறக்கிறார்கள். விஓஆர் காலத்தில் எதிரே வருகிற விமானம் ஒன்றிரண்டு மைல் ஓரமாகப் போகும். இப்போது அது உங்கள் தலைக்கு மேலே, சரியாக ஆயிரம் அடி வித்தியாசத்தில் போகிறது. முதல் தடவை மேகம் விலகின நேரத்தில் அதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. கிழக்கே போகிறவருக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்கே போகிறவருக்கு இரட்டைப்படை ஆயிரங்கள் என்கிற பழைய ஏற்பாட்டின் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் அந்த ஊசிக்கு இரண்டு முதலாளிகள். அதே ஊசி ஜிபிஎஸ்ஸுக்கும் ஆடும், விஓஆர் ரேடியோவுக்கும் ஆடும். எது என்பதை சிடிஐ என்கிற பொத்தான் தீர்மானிக்கிறது, திரையின் அடியில் ஜிபிஎஸ் என்றோ விலாக் (அதாவது விஓஆர் ரேடியோ) என்றோ சின்னதாக எழுதியிருக்கும். வரைபடத் திரை ஜிபிஎஸ்ஸைக் காட்ட, ஊசி எப்போதோ போட்டு வைத்த பழைய விஓஆரைக் காட்ட, இரண்டும் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்துக் குழம்பாத மாணவர் இருக்க முடியாது. ஊசியைப் பார்க்கும் முன் அந்தச் சின்ன எழுத்தைப் பார்.

இனி நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. வி4-இல் சலைனாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஏதோ விமானம் வருகிறது என்று கன்ட்ரோலர் எங்களைத் தெற்கே திருப்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, வடமேற்காக ஒரு திசையைச் சொல்லி, "விக்டர் 4-ஐப் பிடித்து, கொடுத்த வழியில் தொடரவும்" என்றார். நான் சந்தோஷமாக டைரக்ட் பொத்தானை அழுத்திச் சலைனாவைப் போட்டேன். ஊசி டக்கென்று நடுவில் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த ஆசிரியர் அமைதியாக, "நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?" என்றார். "விக்டர் 4-இல்தான், ஊசி நடுவில் இருக்கிறதே." அவர் ஒன்றும் பேசாமல் மடியில் இருந்த வரைபடத்தில் பென்சிலை வைத்தார். ஏர்வேக்குத் தெற்கே ஆறு மைலில் இருந்தோம்.

நடந்தது என்னவென்றால், டைரக்ட் பொத்தான் நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து புதிதாக ஒரு கோடு போடும். எங்கே இருந்து அழுத்தினாலும் ஊசி நடுவில்தான் வரும், ஏனென்றால் கோடு உங்கள் காலடியிலிருந்தே கிளம்புகிறது. ஏர்வே என்பதோ டொபீகாவிலிருந்து சலைனாவுக்கு ஏற்கெனவே இருக்கிற கோடு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் பெட்டியிடம் "அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருக்கிற கோட்டை எனக்குக் காட்டு" என்று சொல்ல வேண்டும். 430-இல் பயணப் பட்டியலில் சலைனா மேல் கர்சரை வைத்து அதே டைரக்ட் பொத்தானை இரண்டு முறை அழுத்தி என்டர் கொடுத்தால் அது நடக்கும். செய்தவுடன் ஊசி ஓரத்துக்கு ஓடியது, அதுதான் சரி. நாங்கள் அதை நோக்கிப் பறக்க, மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. இதை ஜிபிஎஸ்ஸில் பழகுகிற முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. எப்படி இயக்குவது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், "நேராகப் போ" என்பதற்கும் "ரோட்டைப் பிடி" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வளைவில் திரும்புவதும் கொஞ்சம் மாறியிருக்கிறது. விஓஆரில் பறந்தவர்கள் நிலையத்துக்கு மேலே போனதும் ஊசி தள்ளாடும், அது அடங்கிய பிறகு திரும்புவார்கள். ஜிபிஎஸ் உங்கள் வேகத்தைக் கணக்கிட்டு, புள்ளி வருவதற்கு முன்பே அடுத்த திசையைச் சொல்லித் திருப்பச் சொல்லும். வளைவின் மூலையை மெல்லச் சீவிக்கொண்டு போவது போல. அது சொன்னபடி திரும்பினால் ஏர்வேக்குள்ளேயே இருப்பீர்கள், புள்ளியைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்று அடம்பிடித்தால் வெளிப்பக்கம் போய்வருவீர்கள்.

புதிய பெட்டிகளில் திருகுகிற வேலை குறைந்துவிட்டது. 2011-இல் வந்த கார்மின் ஜிடிஎன் வரிசையில் தொடுதிரை. சலைனாவைத் தொட்டு, ஏர்வே ஏற்று என்று சொல்லி, வி244-ஐத் தேர்ந்து, எங்கே இறங்க வேண்டும் என்று லமாரைக் காட்டினால் ஹேஸ் உட்பட நடுவில் இருக்கிற புள்ளியெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டிக்கு ரோடு தெரிந்துவிட்டது போல இருக்கும். உள்ளே நடப்பது அதே புள்ளிக் கணக்குதான், 28 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய தரவுத்தளத்திலிருந்து புள்ளிகளை அது எடுத்துக்கொடுக்கிறது, அவ்வளவே. வரைபடத்தோடு ஒத்துப் பார்க்கிற வேலை குறையவில்லை.

காரணம், ஏர்வேயின் பாதி விஷயம் உயரத்தில் இருக்கிறது, அது அந்தக் கோட்டில் இல்லை. வரைபடத்தில் ஏர்வேயின் ஒவ்வொரு துண்டின் மேலும் ஓர் எண் இருக்கும், எம்இஏ என்பார்கள். அந்த உயரத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் இரண்டு உத்தரவாதம்: தரையிலும் கோபுரத்திலும் இடிக்க மாட்டீர்கள், விஓஆர் சிக்னல் துண்டு முழுக்கக் கிடைக்கும். இடிக்காமல் இருப்பதற்கு மட்டும் என்றால் சமவெளியில் தடைக்கு மேல் 1,000 அடி, மலைப்பகுதி என்று அறிவித்த இடத்தில் 2,000 அடி. சிக்னலும் வேண்டும் என்பதால் சில இடங்களில் அதைவிட உயரமாக வைக்கிறார்கள். விஓஆர் ரேடியோ அலை நேர்ப்பார்வையில்தான் போகும், வளைந்து வராது. ஹேஸுக்கும் லமாருக்கும் நடுவில் 160 மைலுக்கு மேல் இருக்கிறது, நடுவில் நின்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டுமென்றால் உயரத்தில்தான் நிற்க வேண்டும். ஜிபிஎஸ்ஸில் போகிறவருக்கு இந்த இரண்டாவது காரணம் கிடையாது அல்லவா? அதனால் சில ஏர்வேக்களில் ஜி என்ற எழுத்தோடு நீல நிறத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும். ஜிபிஎஸ் விமானம் அதுவரை கீழே வரலாம் என்று பொருள். பனி உறையும் மேகம் 8,000 அடியில் தொங்கும் நாளில் அந்த நீல எண் கீழே இருந்தால், வீட்டிலேயே இருப்பதற்கும் கிளம்புவதற்கும் உள்ள வித்தியாசம் அதுவாகவே இருக்கலாம்.

கான்சஸ் தட்டை என்று எல்லோரும் சொல்வார்கள். டொபீகாவில் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி, லமாரில் 3,600-ஐத் தாண்டும். ஜன்னல் வழியே பார்த்தால் மேஜை மாதிரிதான் தெரியும், ஆனால் மேற்கே போகப் போக மேஜை உங்களை நோக்கி எழும்பிக்கொண்டே இருக்கிறது. லமாரைத் தாண்டிப் புவெப்லோ போய், இன்னும் மேற்கே ராக்கி மலைக்குள் நுழைந்தால் சில விக்டர் ஏர்வேக்களில் எம்இஏ 16,000 அடியையும் தொடும். என்னுடைய 172-ஆல் அங்கே ஏறவே முடியாது. பெட்டியில் அந்த ஏர்வேயை ஏற்றினால் அது மறுக்காமல் ஏற்றிக்கொள்ளும். கோடு மலைக்குக் குறுக்கே அழகாகப் போகும்.

ஜிபிஎஸ்ஸை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்க 4 செயற்கைக்கோள் போதும். அவற்றில் ஒன்று பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க 5 வேண்டும், பொய் சொல்வது எது என்று கண்டு ஒதுக்கிவைக்க 6 வேண்டும். பெட்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் இந்தச் சோதனைக்கு ரெய்ம் என்று பெயர். 2003-இல் அமெரிக்காவில் வாஸ் வந்தது, தரை நிலையங்கள் ஜிபிஎஸ்ஸைக் கண்காணித்து, தப்பு இருந்தால் தனி செயற்கைக்கோள் வழியாக உடனே சொல்லிவிடும். இந்தியாவின் ககன் செய்வதும் இதே வேலைதான். வாஸ் இல்லாத பழைய பெட்டியை மட்டும் நம்பி ஐஎஃப்ஆரில் கிளம்ப முடியாது, வேலை செய்யும் விஓஆர் ரிசீவரும் கூட இருக்க வேண்டும். வாஸ் இருந்தாலும் சிக்னலை யாராவது அமுக்கினால் போச்சு. 2022 ஜனவரியில் டென்வரைச் சுற்றி ஒரு நாளுக்கு மேல் ஜிபிஎஸ் குறுக்கீடு இருந்தது. நியூ மெக்சிகோ பக்கம் ராணுவச் சோதனைக்காக அவ்வப்போது முன்னறிவிப்போடு ஜிபிஎஸ் தடுமாறும். அதனால் நான் ஜிபிஎஸ்ஸில் போகும்போதும் இரண்டாவது ரேடியோவில் அடுத்த விஓஆரின் அலைவரிசையைப் போட்டே வைத்திருப்பேன். பாதி வழியில் பின்னால் இருப்பதிலிருந்து முன்னால் இருப்பதற்கு மாற்றுவேன், பழைய ஆட்கள் செய்த மாதிரியே.

அந்த விஓஆர்களும் குறைந்துகொண்டு வருகின்றன. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சுமார் 300 நிலையங்களை மூடி, ஜிபிஎஸ் போனால் சமாளிக்கும் அளவுக்கு ஒரு வலையை மட்டும் வைத்திருக்கத் திட்டம் போட்டிருக்கிறது. மூடிய இடங்களில் டி என்ற எழுத்தில் தொடங்கும் புதிய வழிகள் வருகின்றன. அவற்றில் பறக்க ஜிபிஎஸ் போதும், தரை நிலையத்தின் சிக்னல் தேவையில்லை.

லமாருக்குச் சுமார் 30 மைல் இருக்கும்போது வாஸ் ரகப் பெட்டி தானாகவே ஊசியின் அளவை 2 மைலிலிருந்து 1 மைலாகச் சுருக்கும். கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி நேராகப் போய்க்கொண்டிருந்தால், ஒன்றுமே செய்யாமலே ஊசி இன்னும் ஓரமாக நகரும். விமானம் நகரவில்லை, ஊசியின் அளவுகோல்தான் மாறியிருக்கிறது. கீழே மூலையில் பார்த்தால் என்ரூட் என்று இருந்த எழுத்து டெர்மினல் என்று மாறியிருக்கும். இதற்கு மேல் ஏர்வே கணக்கு முடிந்தது, இறங்குகிற கணக்கு வேறு.